உடற்பயிற்சியும் வேர்வையும்: கொழும்பில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஓர் இயன்மருத்துவர். காலையில் வெள்ளவத்தை மரைன் டிரைவில் ஒரு சிறு குழுவோடு நடப்பேன். கிழமையில் மூன்று நாள் பின்னேரம் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறேன். முழங்கால் வலியைப் பற்றிக் கேட்பவர்களைவிட வேர்வையைப் பற்றிக் கேட்பவர்கள்தான் கூட. சேர்ட் நனைந்தால் சிலருக்குப் பெருமை, சிலருக்குக் கூச்சம், சிலருக்குப் பயம். "எனக்கு இப்படி வேர்க்குது, உள்ளுக்குள்ள ஏதோ வருத்தம் போல" என்று நினைத்து ஓர் அக்கா நாலு மாதம் நடப்பதையே விட்டுவிட்டார். அவருக்கு ஒரு வருத்தமும் இருக்கவில்லை. நடக்காமல் விட்ட நாலு மாதம்தான் நட்டம். அதன் பிறகுதான் இவற்றை எழுதி வைக்கத் தொடங்கினேன். கேள்விகள் கேட்டவர்களின் வாய்ச்சொல்லிலேயே இருக்கின்றன.

எக்சசைஸ் செய்யேக்க ஏன் வேர்க்குது?

தசைகள் எரிக்கும் சக்தியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் அசைவாக மாறுகிறது. மிச்சமெல்லாம் சூடு. உடம்பின் உட்சூடு 37 பாகை செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். அது ஏறத் தொடங்கியதும் மூளையில் உள்ள ஹைப்போதலமஸ் தோலுக்குக் கூடுதல் இரத்தத்தை அனுப்பி, வேர்வைச் சுரப்பிகளையும் திறந்துவிடுகிறது. ஒருவரின் தோலில் 20 முதல் 40 இலட்சம் வரை இந்தச் சுரப்பிகள் இருக்கின்றன.

வேர்வை வெளியே வந்தால் மட்டும் உடம்பு குளிராது. அது தோலிலேயே ஆவியாக வேண்டும். ஒரு லீற்றர் வேர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி சூட்டை எடுத்துக்கொண்டு போகும். தாடையில் இருந்து நிலத்தில் சொட்டும் வேர்வையால் அந்தப் பயன் இல்லை. இதை மறக்காதீர்கள், கீழே பல பதில்கள் இதில்தான் தங்கியிருக்கின்றன.

நல்லா வேர்த்தாத்தானே கொழுப்பு கரையும்?

இல்லை. வேர்வையில் இருப்பது தண்ணீரும் கொஞ்சம் உப்பும். கொழுப்பு வெளியேறும் வழி வேறு, கேட்டால் பலர் நம்ப மாட்டார்கள்: பெரும்பகுதி மூச்சோடு போகிறது. 10 கிலோ கொழுப்பு உடம்பில் முழுதாக எரிந்தால் ஏறத்தாழ 8.4 கிலோ காபனீரொட்சைட்டாக நுரையீரல் வழியே வெளியேறும். மிச்சம் தண்ணீராகும்.

காலி வீதியில் மத்தியான வெயிலில் அரை மணித்தியாலம் பஸ்ஸுக்கு நின்றாலும் சேர்ட் நனையும். அங்கே தசை பெரிதாக வேலை செய்யவில்லை, கொழுப்பும் கூடுதலாக எரியவில்லை.

வகுப்புக்கு முதல் 74.2 கிலோ, முடிஞ்ச பிறகு 73.4. அப்ப 800 கிராம் குறைஞ்சிட்டுது எண்டுதானே?

அது தண்ணீர். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்ததும் திரும்பி வரும், வரத்தான் வேண்டும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கிலோகலோரி அடங்கியிருக்கிறது. ஒரு மணித்தியால வேக நடையில் 250 முதல் 300 கிலோகலோரி எரியும் என்று வைத்தால், கொழுப்புக் கணக்கில் 40 கிராமுக்கும் குறைவு. கேட்டவரின் முகம் வாடிவிட்டது. ஆனால் அந்த 40 கிராம் நாளுக்கு நாள் சேரும், 800 கிராம் தண்ணீர் சேராது. தராசை எறிந்துவிடாதீர்கள், தண்ணீர்க் கணக்குக்கு அது உதவும், கீழே சொல்கிறேன்.

பிளாஸ்டிக் ஜக்கெட் போட்டு ஓடினா சீக்கிரம் மெலியலாம் எண்டு ஜிம்மில ஒரு அண்ணா சொன்னார். வாங்கவா?

தயவுசெய்து வாங்காதீர்கள். வேர்வை ஆவியாவதை அந்த ஜக்கெட் தடுக்கிறது, அதாவது உடம்பு குளிரும் முக்கிய வழியை அடைத்துவிட்டு ஓடச் சொல்கிறது. 1997இல் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் எடைப் பிரிவுக்காக இப்படி வேர்வை வடியப் பயிற்சி செய்து, சில கிழமைகளுக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அதன் பிறகு அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் இந்த உடைகள் தடை செய்யப்பட்டன. இளம் வீரர்களுக்கே அந்தக் கதி. கொழும்புச் சூட்டில் நாற்பது வயதுக்காரர் இதைச் செய்வதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நானும் தங்கச்சியும் ஒண்டாத்தான் நடக்கிறம். எனக்கு முகமெல்லாம் ஒழுகும், அவளுக்கு நெத்தியில மட்டும் ரெண்டு துளி. எனக்கு உடம்பு சரியில்லையோ?

ஒரே வேகத்தில் நடந்தாலும் பெரிய உடம்பு கூடுதல் சூட்டை உண்டாக்கும். சுரப்பிகளின் எண்ணிக்கையும் அவை சுரக்கும் வேகமும் பிறப்பிலேயே ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆண்களுக்குச் சராசரியாகப் பெண்களைவிடக் கூட வேர்க்கும். உடற்பயிற்சியில் ஒருவருக்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றரும் இன்னொருவருக்கு இரண்டு லீற்றரும் வேர்ப்பது இயல்பு.

ஆகவே தங்கச்சியோடு ஒப்பிடாதீர்கள். உங்களை உங்களோடு ஒப்பிடுங்கள். எப்போதும் ஒழுகுபவருக்கு இன்றும் ஒழுகினால் அதில் செய்தி இல்லை. எப்போதும் இரண்டு துளி வேர்க்கும் தங்கச்சிக்கு, அதே நடையில், அதே காலநிலையில், ஒருநாள் காரணமில்லாமல் உடம்பு முழுதும் குளிர்ந்து வேர்த்தால் அதுதான் செய்தி. என்னிடம் வருபவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

உடம்பு ஃபிட்டா இருக்கிறவைக்கு வேர்வை குறையுமா, கூடுமா?

கூடும். நேரத்தோடேயும் தொடங்கும். பயிற்சி பெற்ற உடம்பு, சூடு கொஞ்சம் ஏறும்போதே சுரப்பிகளைத் திறந்துவிடும். இரத்தத்தின் நீர்ப்பகுதியும் கூடுவதால் தோலைக் குளிர்விக்கவும் தசைக்குக் கொடுக்கவும் இரண்டுக்கும் இரத்தம் போதுமாக இருக்கும். இன்னொரு மாற்றமும் உண்டு: சுரப்பிகள் உப்பைத் திரும்ப உறிஞ்சப் பழகுவதால் வேர்வையின் உப்புக் குறையும்.

ஆனால் இதைத் தலைகீழாகப் பிடிக்கக் கூடாது. நல்ல ஓட்டக்காரருக்குக் கூட வேர்க்கிறது என்பதற்காக, கூட வேர்ப்பவரெல்லாம் நல்ல ஓட்டக்காரர் ஆகமாட்டார். வருடக்கணக்கில் அசையாமல் இருந்தவருக்கும் மூன்றாம் மாடிக்குப் படியேறினால் ஒழுகும்.

நுவரெலியாவுல மேடு பள்ளம் ஏறி எறங்கினாலும் எனக்கு வேர்க்காது. கொழும்புக்கு வேலைக்கு வந்து சுதந்திர சதுக்கத்தச் சுத்தி ரெண்டு ரவுண்ட் நடந்தா தொப்பலா நனையுறேன். உடம்பு கெட்டுப்போச்சா?

உடம்பு அப்படியே இருக்கிறது, ஊர்தான் மாறியிருக்கிறது. நுவரெலியா கடல் மட்டத்தில் இருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றே குளிர்ந்திருப்பதால் உடம்பின் சூடு நேராகக் காற்றுக்குப் போய்விடும், வேர்வைக்கு அதிக வேலையில்லை. கொழும்பில் காற்று 30 பாகையை ஒட்டி இருக்கும், அதோடு ஈரமும் சேரும். அதிகாலையில் ஈரப்பதன் 85, 90 சதவீதம் வரை போவது இங்கே வழமை. ஏற்கனவே ஈரம் நிறைந்த காற்று உங்கள் தோலில் உள்ள ஈரத்தை லேசில் ஏற்றுக்கொள்ளாது. வேர்வை ஆவியாகாமல் வழிகிறது, உடம்பு குளிராததால் இன்னும் சுரக்கிறது, அதுவும் வழிகிறது. நீங்கள் காணும் தொப்பல் நனைவு, ஆவியாக முடியாத வேர்வை. யாழ்ப்பாணத்து வெயில் இதைவிடக் கடுமை என்றாலும் அங்கே காற்று வீசும்போது சேர்ட் காய்ந்துவிடுவதை அங்கிருந்து வந்தவர்கள் சொல்வார்கள்.

கொழும்பில் மார்ச், ஏப்ரல் மாதங்கள்தான் மிகச் சிரமம். தென்மேற்குப் பருவக்காற்று இன்னும் தொடங்கியிராது, காற்று அசையாது. அந்த நாட்களில் வேகத்தைக் குறையுங்கள், காற்று வரும் கடற்கரைப் பக்கமாக நடங்கள். நான் சித்திரையில் எங்கள் குழுவின் நடையை 60 நிமிடத்தில் இருந்து 40க்குக் குறைத்துவிடுவேன், யார் முறைத்தாலும்.

கனடாவில ஒவ்வொரு நாளும் 10 கிலோமீற்றர் ஓடுற தம்பி, கலியாணத்துக்கு வந்தவன், இங்க மூண்டாவது கிலோமீற்றரிலேயே இருந்திட்டான். ஏன்?

அவருடைய இதயமும் காலும் நல்ல நிலையில்தான் இருக்கின்றன. உடம்பு சூட்டுக்குப் பழகவில்லை, அவ்வளவுதான். மேலே சொன்ன மாற்றங்கள், அதாவது வேர்வை நேரத்தோடு தொடங்குவது, உப்புக் குறைவது, இரத்தத்தின் நீர் கூடுவது எல்லாம் வர 10 முதல் 14 நாள் வரை எடுக்கும். முதல் கிழமை வழமையான தூரத்தில் பாதியைத்தான் ஓட வேண்டும், அதுவும் காலை ஆறு மணிக்கு. திரும்பக் குளிர் நாட்டுக்குப் போனால் சில கிழமைகளில் இந்தப் பழக்கம் விட்டுப்போகும், அடுத்த முறை வரும்போது மறுபடியும் முதலில் இருந்துதான்.

ஏசி ஜிம்முக்குக் காசு கட்டிப் போறன், வேர்க்கவே இல்லை. காசு வீணா?

வீணில்லை. தசைக்கும் இதயத்துக்கும் கிடைக்கும் வேலை ஒன்றுதான். குளிர்ந்த உலர் காற்றில் வேர்வை வந்த கணமே ஆவியாகிவிடுவதால் உங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை. உண்மையில் அங்கே கூடுதல் நேரம், கூடுதல் பாரத்தோடு பயிற்சி செய்ய முடியும். தண்ணீர் குடிக்க மறந்துபோவதுதான் ஏசியில் உள்ள ஒரே குறை.

அப்ப வேர்வையைப் பார்க்காம, நான் ஃபிட்டாகிறனா எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்கு மிகவும் பிடிக்கும். நான்கு வழி சொல்கிறேன், ஒன்றுக்கும் காசு தேவையில்லை.

காலையில் கட்டிலை விட்டு எழும்ப முதல் மணிக்கட்டில் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இயல்பு. ஒழுங்காகப் பயிற்சி செய்தால் இரண்டு மூன்று மாதங்களில் இது மெல்ல இறங்கும். அடுத்தது, வேக நடை முடிந்ததும் ஒரு முறையும், மெதுவாக நடந்துகொண்டே ஒரு நிமிடம் கழித்து இன்னொரு முறையும் எண்ணுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் துடிப்பு 12க்கு மேல் இறங்குவது நல்ல அடையாளம். திரும்பத் திரும்ப அதைவிடக் குறைவாகவே இறங்கினால் டொக்டரிடம் ஒரு தடவை காட்டுங்கள்.

மூன்றாவது, கதைத்துப் பார்ப்பது. பக்கத்தில் நடப்பவரோடு கதைக்க முடிய வேண்டும், ஆனால் பாட்டுப் பாட மூச்சு இடம் தரக் கூடாது. அதுதான் நடுத்தர வேகம். உலக சுகாதார நிறுவனம் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் சொல்வது இந்த வேகத்தைத்தான். மூன்று மாதம் முன்பு எந்த வேகத்தில் மூச்சு வாங்கியதோ, அதே வேகத்தில் இப்போது கதைத்துக்கொண்டு போனால் முன்னேறிவிட்டீர்கள். நான்காவது, உங்கள் தொடர்மாடிப் படிக்கட்டு. மின்சாரம் போன நாளில் நாலாம் மாடிக்கு ஏறி, கதவைத் திறந்ததும் வீட்டுக்காரரோடு ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள்.

எவ்வளவு தண்ணி குடிக்கிறது? ஒருத்தர் ஒரு லீற்றர் எண்டினம், இன்னொருத்தர் தாகம் வந்தாக் குடி எண்டினம்.

ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட நடைக்குத் தாகத்துக்குக் குடித்தால் போதும். நீண்ட நேரம் ஓடுபவர்கள் தங்கள் கணக்கைத் தாங்களே போட வேண்டும், அதற்குத்தான் தராசு. ஓடப் போக முதல் குறைந்த உடுப்போடு நிறுங்கள். வந்து துவாயால் உடம்பைத் துடைத்துவிட்டு அதே அளவு உடுப்போடு மறுபடி நிறுங்கள். முதலில் 68.4 கிலோ, பிறகு 67.8 கிலோ, இடையில் குடித்தது 250 மில்லிலீற்றர் என்றால், உங்களுக்கு வேர்த்தது ஏறத்தாழ 850 மில்லிலீற்றர்.

இழப்பு உடல் எடையில் 2 சதவீதத்தைத் தாண்டினால் களைப்பும் தலையிடியும் தொடங்கும், ஓட்டமும் தளரும். 70 கிலோ உள்ளவருக்கு அது 1.4 கிலோ. அதற்குக் கீழே நிறுத்திக்கொண்டால் போதும், போன ஒவ்வொரு துளியையும் ஓடும்போதே திருப்பி ஊற்றத் தேவையில்லை. சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் சரி. தேத்தண்ணி நிறத்தில் போனால் போதவில்லை.

இதயச் செயலிழப்பு, சிறுநீரக நோய் என்று டொக்டர் தண்ணீருக்கு அளவு சொல்லியிருப்பவர்களுக்கு இந்தப் பதில் பொருந்தாது. அவர்கள் டொக்டர் சொன்ன அளவிலேயே நில்லுங்கள்.

தம்பிலி நல்லதா, ஜீவனி நல்லதா, கடையில விக்கிற ஸ்போர்ட்ஸ் ட்ரிங்க் நல்லதா?

காலி முகத்திடலில் நடந்துவிட்டுத் தம்பிலி குடிப்பது எனக்கும் பிடித்த வேலை. ஆனால் தெரிந்து குடிக்க வேண்டும். வேர்வையில் முக்கியமாகப் போவது சோடியம், தம்பிலியிலும் இளநீரிலும் நிறைந்திருப்பது பொட்டாசியம். சோடியம் அதில் கொஞ்சம்தான். தாகத்துக்கு நல்லது, வேர்வைக்கு முழு ஈடு அல்ல. சிறுநீரக நோயாளிகளும், லொசாட்டன், எனலப்பிரில், ஸ்பைரோனோலக்டோன் போன்ற குளிசை எடுப்பவர்களும் தம்பிலியை அடிக்கடி குடிக்க முன் டொக்டரிடம் கேளுங்கள். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்புக் குழம்பும்.

ஜீவனி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பும் சீனியும் சேர்ந்த தூள், வயிற்றோட்டத்துக்காக வந்தது. ஓட்டப் போட்டி, அல்லது இரண்டு மணித்தியாலம் வெயிலில் கிரிக்கெட் என்று மிகவும் வேர்த்த நாளில் அது நன்றாக உதவும். பைக்கற்றில் சொல்லியிருக்கும் அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும், குறைந்த தண்ணீரில் கரைத்தால் தாகம் கூடும். ஸ்போர்ட்ஸ் ட்ரிங்கில் சீனி உண்டு, 40 நிமிட நடைக்கு அது தேவையில்லை.

சாதாரண நடைக்குத் தண்ணீரும் அடுத்த வேளைச் சாப்பாடுமே போதும். ஒரு லீற்றர் வேர்வையோடு சராசரியாக 1 கிராம் சோடியம், அதாவது இரண்டரைக் கிராம் உப்புப் போகும். நடந்துவிட்டு வந்து உப்புப் போட்ட மோரோ கஞ்சியோ குடித்து, மத்தியானம் சோறும் கறியும் சாப்பிட்டால் கணக்குச் சரி. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் மொத்த உப்பே 5 கிராமுக்குள்தான். "வேர்த்தது" என்று சொல்லிக் கருவாட்டையும் அச்சாறையும் கூட்ட வேண்டாம், பிரஷர் உள்ளவர்கள் முக்கியமாக.

தண்ணி கூடக் குடிச்சா என்ன நடக்கும்? தண்ணிதானே?

தண்ணீரும் அளவு மீறினால் ஆபத்து. வேர்வையில் உப்புப் போக, வெறும் தண்ணீரை லீற்றர் கணக்கில் ஊற்றினால் இரத்தத்தின் சோடியம் நீர்த்துப்போகும். மூளை வீங்கி, தலையிடி, வாந்தி, தடுமாற்றம், கடைசியில் வலிப்பு வரை போகலாம். 2002 பொஸ்டன் மரதனில் 488 ஓட்டக்காரரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதமானோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடி, தண்ணீர் வைத்த ஒவ்வோர் இடத்திலும் நின்று குடிப்பவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொள்வது. ஓட்டம் முடிந்தபோது எடை கூடியிருந்தால் கூடக் குடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வேர்வையோட உடம்பில உள்ள நச்செல்லாம் வெளிய போகுமாமே?

கழிவை அகற்றுவது ஈரலும் சிறுநீரகமும். வேர்வையோடு போவது கணக்கில் எடுக்க முடியாத சொற்பம்.

வேர்வை காயாமக் குளிச்சா சளி பிடிக்கும், வாதம் வரும் எண்டு அம்மம்மா சொல்லுவா. உண்மையா?

சளி வைரசால் வருகிறது, குளிப்பதால் அல்ல. வாதமும் வராது. ஆனால் அம்மம்மா காத்திருக்கச் சொன்னதில் ஒரு பயன் இருக்கிறது. பயிற்சியைச் சட்டென்று நிறுத்தினால் இரத்தம் காலில் தேங்கித் தலைசுற்றலாம், அந்த நேரத்தில் சுடுதண்ணீரில் குளித்தால் இன்னும் கூடும். பத்து நிமிடம் மெதுவாக நடந்து, துடைத்துவிட்டுச் சாதாரண தண்ணீரில் குளியுங்கள். ஈர உடுப்போடு மணிக்கணக்கில் இருப்பதுதான் கெடுதல், தேமலும் படையும் வேர்க்குருவும் அங்கேதான் தொடங்கும்.

கேக்க வெக்கமா இருக்கு. காலையில நடந்திட்டு ஒஃபிசுக்குப் போனா மணக்குது. என்ன செய்யலாம்?

வெட்கப்பட ஒன்றுமில்லை. உடம்பெங்கும் சுரக்கும் தண்ணீர் வேர்வைக்கு மணமில்லை. கமக்கட்டிலும் தொடை இடுக்கிலும் உள்ள வேறு வகைச் சுரப்பிகளின் தடித்த சுரப்பை அங்குள்ள பக்ரீரியாக்கள் சிதைப்பதால்தான் மணம் வருகிறது. சோப் போட்டுக் கழுவி, நன்றாக ஈரம் துவட்டிய பிறகு அலுமினியம் சேர்ந்த வேர்வை தடுப்பானைப் பூசுங்கள். இரவில் பூசினால் இன்னும் நன்றாக வேலை செய்யும். நடந்த ரீசேர்ட்டை அடுத்த நாளும் போடாதீர்கள். பவுடரை ஈரத் தோலில் அள்ளிக் கொட்டினால் கட்டியாகிப்போகும்.

காய்ச்சல் குணம். ஓடி வேர்த்தா இறங்கிடும்தானே?

ஓடாதீர்கள். காய்ச்சலில் உடம்பு ஏற்கனவே சூட்டை ஏற்றி வைத்திருக்கிறது, தசைச் சூட்டையும் சேர்த்தால் இறங்காது. சில வைரஸ் காய்ச்சல்கள் இதயத் தசையைத் தாக்கும், அந்த நேரத்தில் கடும் பயிற்சி உயிருக்கே ஆபத்து. கொழும்பில் இருப்பவர்கள் எந்தக் காய்ச்சலையும் முதலில் டெங்கு என்றே சந்தேகிக்க வேண்டும். ஓய்வு எடுங்கள், நீராகாரம் குடியுங்கள், பரசிட்டமோல் தவிர வேறு வலி மருந்து போடாதீர்கள். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தால் டொக்டரிடம் காட்டி இரத்தம் சோதியுங்கள். டெங்குவில் காய்ச்சல் விட்டு வேர்த்து, உடம்பு குளிர்ந்து சோர்ந்துபோகும் நேரம்தான் மிக ஆபத்தானது. "வேர்த்திட்டுது, சுகம்" என்று அன்றைக்கு நடக்கப் போய்விடாதீர்கள்.

நோன்பு காலத்துல அஸர் தொழுதிட்டு நடக்கப் போகலாமா? வேர்த்தா தண்ணி குடிக்க ஏலாதே, செல்லுங்க.

அஸர் முடிந்த நேரம் கொழும்பில் இன்னும் வெயில் சுடும், நோன்பு திறக்க மூன்று மணித்தியாலம் இருக்கும். அந்த நேரம் வேண்டாம். நோன்பு திறப்பதற்கு முன் கடைசி அரை மணித்தியாலம் மெதுவாக நடந்தால், வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் குடிக்கலாம். வேக நடையையும் பாரம் தூக்குவதையும் தராவீஹுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கந்தசஷ்டி உபவாசம் இருப்பவர்களுக்கும் இதுவே: அந்த ஆறு நாளும் கை கால் நீட்டி மடக்கும் பயிற்சி போதும்.

அம்மாவுக்குச் சலரோகம். நடந்து வந்து கதிரையில இருந்த பிறகுதான் கூட வேர்க்குது. களைப்பாலயா?

களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். பயிற்சி வேர்வை சூடான தோலில், நடக்கும்போது வரும், இருந்ததும் குறையும். சீனி இறங்கும்போது வருவது குளிர்ந்த, பிசுபிசுத்த வேர்வை. கை நடுங்கும், பசிக்கும், நெஞ்சு படபடக்கும், பேச்சுத் தடுமாறும். இன்சுலின், கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட், டொல்பியுட்டமைட் எடுப்பவர்களுக்கு இது நடக்கும். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு அரிது. உடனே சோதித்துப் பாருங்கள், 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மறுபடி சோதியுங்கள். கருவி பக்கத்தில் இல்லையென்றால் சீனியை முதலில் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் ஒன்றும் ஊற்றக் கூடாது, 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு அழையுங்கள்.

நெடுநாள் சலரோகத்தில் இன்னொன்றும் உண்டு. நரம்பு பழுதாகிப் பாதம் வேர்க்காமல் காய்ந்து வெடிக்கும். அந்தக் குறையை ஈடுகட்ட முகமும் நெஞ்சும் கூட வேர்க்கும். சிலருக்குச் சாப்பிடத் தொடங்கியதும் முகம் ஒழுகும். இதைக் கிளினிக்கில் சொல்லுங்கள், ஒவ்வோர் இரவும் பாதத்தைப் பாருங்கள்.

அதே அம்மாவுக்குப் பிரஷருக்கு அற்றெனோலோலும் குடுத்திருக்கினம். நீங்க சொன்ன நாடித்துடிப்புக் கணக்கு அவவுக்குச் சரிவருமா?

சரிவராது. அற்றெனோலோல், பைசோப்ரோலோல் போன்ற பீட்டா தடுப்புக் குளிசைகள் நாடித்துடிப்பை ஏற விடாமல் பிடித்து வைக்கும். அம்மா கதைத்துப் பார்க்கும் வழியையே பின்பற்றட்டும். அதைவிட முக்கியமானது: முந்தின பதிலில் சொன்ன நடுக்கத்தையும் படபடப்பையும் இந்தக் குளிசைகள் மறைத்துவிடும், வேர்வையை மறைக்காது. சீனி இறங்குவதற்கு அம்மாவின் உடம்பு காட்டும் ஒரே எச்சரிக்கை அந்தக் குளிர் வேர்வையாகவே இருக்கலாம்.

எப்பிடி வேர்த்தாப் பயப்பட வேணும்?

எங்கள் குழுவில் ஒரு ஐயா, நடை தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, மதிலில் சாய்ந்துவிட்டார். முகம் வெளிறி, குளிர் வேர்வை. "காஸ்" என்றார். மாரடைப்பு. நேரத்துக்குக் கொண்டுபோனதால் இன்று எங்களோடு நடக்கிறார். நெஞ்சில் பாரம், இடது கை அல்லது தாடை வலி, மூச்சு முட்டல், ஓங்காளம், இவற்றோடு குளிர் வேர்வை வந்தால் ஒரு அடி கூட நடக்காமல் இருங்கள், 1990க்கு அழையுங்கள். பெண்களுக்கும் சலரோகக்காரருக்கும் நெஞ்சுவலி இல்லாமல், வேர்வையும் களைப்பும் மட்டுமாகக்கூட மாரடைப்பு வரும்.

அடுத்த ஆபத்து வெப்ப அதிர்ச்சி. உட்சூடு 40 பாகையைத் தாண்டி, ஆள் தடுமாறிப் பிதற்றுவார் அல்லது விழுந்துவிடுவார். "தோல் காய்ந்திருந்தால்தான் வெப்ப அதிர்ச்சி" என்பதை நம்பாதீர்கள், ஓடி விழுந்தவரின் தோல் நனைந்தே இருக்கும். 1990க்கு ஒருவர் அழைக்கட்டும், மற்றவர்கள் அதுவரை குளிர்விக்க வேண்டும்: நிழல், மேலே தண்ணீர், விசிறல், கழுத்திலும் கமக்கட்டிலும் ஐஸ்.

பகலில சரி. இரவில ஃபான் போட்டும் தலையணை நனையுது. இதுவும் எக்சசைசாலயா?

இல்லை. இரவு வேர்வையோடு எடை குறைந்து, இரண்டு கிழமைக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை வேண்டும், அரச மார்புநோய் சிகிச்சை நிலையங்களில் அது இலவசம். சூடு தாங்காமை, படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவு என்றால் தைரொய்ட். 45 முதல் 55 வயதுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில் இப்படி வருவது இயல்பு, ஆனாலும் சொல்லித் துணை பெறுங்கள், தனியே சகிக்க வேண்டியதில்லை. மனச்சோர்வுக்கான சில குளிசைகளும் வேர்வையைக் கூட்டும். அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

எனக்கு நடக்கேக்க இல்லை, சும்மா இருக்கேக்கயும் உள்ளங்கை ஒழுகுது. போன் ஸ்கிரீன் கூட வேலை செய்யாது.

உள்ளங்கை வேர்வை சூட்டைவிட மனப் பதற்றத்துக்கே அதிகம் பதில் சொல்லும். இரண்டு கையும் சின்ன வயதிலிருந்தே ஒழுகுகிறது, தூக்கத்தில் நிற்கிறது என்றால் அது ஆபத்தில்லாத ஒரு நிலை. தோல் வைத்தியரிடம் மருந்து உண்டு. உடம்பின் ஒரு பக்கம் மட்டும் வேர்ப்பது வேறு. அதற்கு நரம்பைப் பார்க்க வேண்டும்.

அப்பாவுக்கு 72 வயசு. எங்களோட நடக்கிறார், எங்களெல்லாருக்கும் ஒழுகுது, அவருக்கு ஒரு துளி இல்லை. நல்ல ஆரோக்கியம் எண்டு எல்லாருக்கும் சொல்லித் திரியிறார்.

அவர் நடப்பது நல்ல ஆரோக்கியம்தான். வேர்க்காததை அதில் சேர்க்க வேண்டாம். வயதாக ஆகச் சுரப்பிகள் குறைவாகவும் தாமதமாகவும் சுரக்கும், தாக உணர்வும் மங்கும். அதாவது சூடு உள்ளே ஏறிக்கொண்டிருக்கும், அவருக்குத் தெரியாது. ஒவ்வாமைக்குப் போடும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குக் கொடுக்கும் அமிற்றிப்ரிலின், சிறுநீர் அடிக்கடி போவதற்கான ஒக்சிபியூட்டினின் போன்றவை வேர்வையை இன்னும் குறைக்கும். அவருடைய குளிசைப் பையை டொக்டரிடம் காட்டி இதைக் கேளுங்கள்.

காலை ஏழு மணிக்குள் நடையை முடியுங்கள். தாகத்துக்குக் காத்திராமல் போக முதல் ஒரு கோப்பை, வந்ததும் ஒரு கோப்பை தண்ணீர் கொடுங்கள், டொக்டர் அளவு சொல்லாதவரை. பருத்தித் துண்டொன்றை நனைத்துக் கழுத்தில் போட்டுவிட்டால், அவருக்குச் சுரக்காத வேர்வையின் வேலையை அந்த ஈரம் செய்யும். வழியெல்லாம் அவரோடு கதைத்துக்கொண்டே போங்கள். முகம் சிவந்து, பதில் குழறினாலோ தாமதித்தாலோ, நிழலில் இருத்தித் துண்டை மறுபடி நனையுங்கள். பேச்சுக் குழறினால் காத்திராமல் 1990க்கு அழையுங்கள், மற்றபடி சில நிமிடத்தில் தெளியாவிட்டால் 1990.